4 அடி நன்னீர் மீன் தொட்டி, போர் தண்ணீர் டி.டி.எஸ். 900: எங்கிருந்து தொடங்குவது?

புதுத்தொட்டி:

வணக்கம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, முதல் மாடி. ஹாலில் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் மீன் தொட்டி வைக்கப் போகிறேன். இதுவே முதல் தொட்டி. தளம் இந்த எடையைத் தாங்குமா? கண்ணாடி எத்தனை எம்.எம். கேட்க வேண்டும்? குழாயில் வருவது சாஃப்ட்னர் வழியாக வரும் போர் தண்ணீர், டி.டி.எஸ். மீட்டரில் 900. சமையலறையில் ஆர்.ஓ. இருக்கிறது. மனதில் இருக்கும் மீன்கள்: ஆஸ்கர் 2, கோல்டு பிஷ் 4, ஏஞ்சல் 4, கண்ணாடியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர். தண்ணீர் நிரப்பி நீல மருந்து நாலு சொட்டு விட்டால் மறுநாளே மீன் விடலாம் என்று கடையில் சொல்கிறார்கள். சரிதானா?

ரசமட்டம்:

முதலில் எடை. உங்கள் அளவு ஏறக்குறைய 120 × 45 × 45 செ.மீ., விளிம்பு வரை 243 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு, அடியில் 5 செ.மீ. மணல் போட்டால் உண்மையில் நிற்கும் தண்ணீர் 200 லிட்டர் சொச்சம். 10 எம்.எம். கண்ணாடி 50 கிலோ, மணல் 40 கிலோவுக்கு மேல், ஸ்டாண்டு 30–40 கிலோ. ஆக 330 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தளங்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் பயன்பாட்டுச் சுமை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. உங்கள் தொட்டி அரைச் சதுர மீட்டர் சொச்சத்தில் அதைவிட அதிகமாக அழுத்தும். கான்கிரீட் தளம் இந்தச் சுமையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும் என்பதால் நல்ல கட்டடத்தில் இது வழக்கமாகப் பிரச்சினை ஆவதில்லை. ஆனால் இடம் முக்கியம். பீம் மேல் எழுப்பிய சுவரை ஒட்டி, நீளவாக்கில் வையுங்கள். அறையின் நடுவில் வேண்டாம், பால்கனியில் வேண்டவே வேண்டாம். பழைய கட்டடம், சீலிங்கில் விரிசல் என்றால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கண்ணாடி 8 எம்.எம். போதும் என்பார்கள். மேலே பிரேசிங் (குறுக்குக் கண்ணாடிப் பட்டை) ஒட்டினால் நிற்கும், ஆனால் முன் கண்ணாடி நடுவில் வெளிப்பக்கம் வளைந்து நிற்கும். அந்த வளைவு ஒட்டு முழுவதையும் நிரந்தரமாக இழுத்துக்கொண்டே இருக்கும். 10 எம்.எம். கேளுங்கள். உயரத்தை 2 அடியாக மாற்றினால் 12. கண்ணாடியின் தடிமனைத் தீர்மானிப்பதில் முதல் பங்கு தண்ணீரின் உயரத்துக்குத்தான்.

ஒன்றரை அங்குல சதுர இரும்புக் குழாயில் ஆறு கால் ஸ்டாண்டு, மேலே 18 எம்.எம். தண்ணீர் தாங்கும் பிளைவுட், அதன்மேல் அரை அங்குல தெர்மாக்கோல். தெர்மாக்கோல் இல்லாமல் வைத்தால், பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சிக்கிய ஒரு மணல் பருக்கையே அடிக் கண்ணாடியை உடைக்கப் போதும். ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பாருங்கள். சரிவு இருந்தால் ஸ்டாண்டின் காலுக்கு அடியில்தான் தகடு கொடுக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் எதையும் செருகாதீர்கள்.

ஒட்டி முடித்த தொட்டியை ஒரு வாரம் காய விடுங்கள். சிலிக்கோன் ஒட்டின் வினிகர் வாடை முழுதாகப் போயிருக்க வேண்டும். பிறகு தண்ணீர் நிரப்பி 48 மணி நேரம். உலர்ந்த டிஷ்யூ தாளை அடி ஓரம் முழுக்க ஒற்றிக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு தாளில் கறுத்த கோடாகத் தெரிந்துவிடும். இதை மணல் போடுவதற்கு முன் செய்யுங்கள்.

கடினநீர்:

நண்பரே, 900 என்ற எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும், என்ன கரைந்திருக்கிறது என்று காட்டாது. சுண்ணாம்பா, வெறும் உப்பா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சொட்டு விட்டுப் பார்க்கும் கிட் வாங்கி ஜி.எச்., கே.எச். இரண்டையும் பாருங்கள். ஜி.எச். என்பது கால்சியம், மக்னீசியம். கே.எச். என்பது பி.எச். (அமில-காரத்தன்மை அளவு) சரியாமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட். இரண்டையும் டிகிரியில் சொல்வார்கள், ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 17.8 மி.கி. கால்சியம் கார்பனேட்.

பெரிய சிக்கல் உங்கள் சாஃப்ட்னர். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. குளியலறைக் குழாயில் வெள்ளை படியாது, நல்லது. ஆனால் டி.டி.எஸ். குறையாது, கே.எச். அப்படியே இருக்கும், ஜி.எச். மட்டும் கீழே விழும். மென்மையான தண்ணீர் மீனுக்கும் ஆகாது, கடின நீர் மீனுக்கும் ஆகாது. மோலி, ரெயின்போ போன்றவைக்குக் கால்சியம் தேவை. சாஃப்ட்னருக்கு முன்னால் மோட்டார் அறையில் ஒரு குழாய் இருக்கும். அந்தத் தண்ணீரையும் வீட்டுக் குழாய்த் தண்ணீரையும் தனித்தனியாகச் சோதித்து இங்கே போடுங்கள்.

இன்னொன்று. போர் தண்ணீரில் கரியமில வாயு அதிகம், ஆக்சிஜன் குறைவு. வந்த உடனே பார்த்தால் பி.எச். 7 காட்டும், ஒரு நாள் காற்றுக் குமிழி விட்டுப் பார்த்தால் 8-ஐத் தாண்டும். அதனால் டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு, ஒரு இரவு கழித்துப் பயன்படுத்துங்கள். மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர் என்றால் குளோரினுக்குச் சோடியம் தயோசல்பேட்: 1 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கரைத்து வைத்துக்கொண்டு, 100 லிட்டருக்கு 10 மி.லி.

புதுத்தொட்டி:

மிக்க நன்றி. சோதித்துவிட்டேன். வீட்டுக் குழாய்: ஜி.எச். 2, கே.எச். 16. மோட்டார் அறைக் குழாய்: ஜி.எச். 22, கே.எச். 16. ஆர்.ஓ. கலந்து 7 பி.எச்.-க்குக் கொண்டுவரலாமா?

கடினநீர்:

பி.எச்.-ஐத் துரத்த வேண்டாம். கே.எச். 16 இருக்கும்போது அமில மருந்து ஊற்றினால் அன்று இறங்கும், மறுநாள் ஏறும். அந்த ஏற்ற இறக்கம் 8.2-இல் நிலையாக இருப்பதைவிட மோசம். மோட்டார் அறைத் தண்ணீர் இரண்டு பங்கு, ஆர்.ஓ. ஒரு பங்கு கலந்தால் ஜி.எச். 15, கே.எச். 11 பக்கம் வரும். முதல் நிரப்பலுக்கு 67 லிட்டர் ஆர்.ஓ., பிறகு வாராவாரம் 50 லிட்டர் தண்ணீர் மாற்றும்போது 17 லிட்டர். பண்ணையில் வளர்ந்த பெரும்பாலான மீன்களுக்கு அது ஏற்கும்.

கெண்டை_கெளுத்தி:

ஆர்.ஓ. கலப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. புதிதாகத் தொடங்குபவர் ஒரு வாரம் அளவு மறப்பார், ஒரு வாரம் ஆர்.ஓ. ரிப்பேர் ஆகும். ஜி.எச். மேலும் கீழும் ஆடும். தண்ணீருக்கேற்ற மீனைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. மோட்டார் அறைத் தண்ணீரை அப்படியே விடுங்கள். ஆர்.ஓ. ஒரே வேலைக்கு: ஆவியாகிப் போனதை ஈடுகட்ட. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்ததற்குப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் கடினத்தன்மை மாதாமாதம் ஏறும்.

இனி உங்கள் பட்டியல். ஆஸ்கர் ஓர் அடி வளரும், வாயில் நுழையும் எதையும் விழுங்கும், ஏஞ்சல் உட்பட. கோல்டு பிஷ் குளிர்ந்த நீர் மீன், கழிவும் அதிகம். மே மாதத்தில் 31–32 டிகிரி தண்ணீரில் அதை வைப்பது கொடுமை. சக்கர் இப்போது விரல் நீளம் இருக்கும், ஒன்றரை அடி வரை போகும். வளர்ந்த பிறகு ஏரியில் விடுகிறார்கள். தமிழ்நாடு, கேரள நீர்நிலைகளில் அது பரவிக் கிடப்பது இப்படித்தான். தயவு செய்து அதை வாங்க வேண்டாம்.

உங்கள் தண்ணீருக்கு என் தேர்வு: போசெமானி ரெயின்போ 8. இந்தோனேசியாவின் தென்மேற்கு பப்புவாவிலுள்ள அயமாரு ஏரிகள் அதன் பூர்வீகம், சுண்ணாம்பு நிலத்துக் கடின நீர். முதல் சில மாதம் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், வளர்ந்தபின் முன்பாதி நீலமும் பின்பாதி ஆரஞ்சுமாக மாறும். அதோடு மோலி அல்லது பிளாட்டி 8, ஓர் ஆணுக்கு இரண்டு பெண் கணக்கில். கண்ணாடிப் பாசிக்குப் பிரிஸில்நோஸ் (சிறிய வகைச் சக்கர்) 1. அது 12 செ.மீ. அளவில் நின்றுவிடும். இல்லையென்றால் தொட்டி முழுக்க மலாவி சிக்லிட் (ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்) மட்டும். அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. கொளத்தூர் கடைகளில் இவை எல்லாமே கிடைக்கும். டெனிசன் பார்பு பார்க்க அழகு, ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மீன். குளிர்ந்த, வேகமாக ஓடும் நீர் கேட்கும். இயற்கையில் அழியும் நிலையில் இருப்பதும்கூட. முதல் தொட்டிக்கு அது வேண்டாம்.

நவச்சாரம்:

மறுநாள் மீன் விடும் யோசனைக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. புதுத் தொட்டியில் மீன் சாவதற்கு முதல் காரணமே அதுதான். மீனின் கழிவு அம்மோனியா. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பில்டரில் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். உங்கள் பி.எச்.-இல் இது இன்னும் தீவிரம். 28 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சாக இருப்பது 0.7 சதவீதம். பி.எச். 8 என்றால் 6.5 சதவீதம். கிட்டில் அதே அளவு காட்டினாலும் ஒன்பது மடங்கு விஷம்.

மீன் இல்லாமல் சைக்கிளிங், அதாவது இந்தப் பாக்டீரியாவை பில்டரில் வளர்ப்பது, செய்யுங்கள். லேப் தரத்து அம்மோனியம் குளோரைடு, அதாவது சுத்தமான நவச்சாரம், 200 லிட்டருக்கு 1.25 கிராம். அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மி.கி.) வரும். தெரிந்தவர் தொட்டியில் நோயில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் உங்கள் பில்டருக்குள் வையுங்கள், காலம் பாதியாகக் குறையலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதனை. அம்மோனியா சோதனைக் குழாயை ஐந்து நிமிடம் கழித்து, வெள்ளைத் தாளில் சாய்த்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் இளம்பச்சையும் மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும். சுத்த மஞ்சள்தான் பூஜ்யம். அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்ததும் மறுபடி அதே அளவு போடுங்கள். நடுவில் நைட்ரைட் உச்சத்துக்குப் போய் இரண்டு வாரம்கூட அப்படியே நிற்கும். அப்போது பொறுமை இழந்து மீன் விடுபவர்கள் அதிகம். காலையில் போட்ட 2 பி.பி.எம். மறுநாள் காலையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டிலும் பூஜ்யம் காட்டினால் பில்டர் தயார். முக்கால் பாகம் தண்ணீர் மாற்றி, நாலைந்து மீன் மட்டும் விடுங்கள். மீதியை இரண்டு வார இடைவெளியில் சேருங்கள்.

அந்த நீல மருந்து மெத்திலீன் புளூ. பில்டர் பாக்டீரியாவையும் பாதிக்கும், சிலிக்கோன் ஒட்டை நிரந்தரமாக நீலமாக்கும். தொட்டிக்குள் வேண்டாம். புது மீனை 40 லிட்டர் டப்பில் ஸ்பாஞ்ச் பில்டரோடு மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் அங்கேயே வைத்தியம் செய்துகொள்ளலாம்.

பில்டருக்கு வருகிறேன். மணிக்கு 1000–1200 லிட்டர் கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய பில்டர்). பெட்டியில் போட்டிருப்பது மீடியா (உள்ளே நிரப்பும் ஸ்பாஞ்ச், ரிங்) இல்லாத கணக்கு, நிரப்பியபின் மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே நல்லது. தண்ணீர் முதலில் தொடுவது பெரிய துளை ஸ்பாஞ்ச், அடுத்து சிறு துளை ஸ்பாஞ்ச், கடைசியில் செராமிக் ரிங். வரிசை மாறினால் ரிங் துளைகளைச் சேறு அடைத்துவிடும். வெளியேறும் குழாய் நீர்மட்டத்தை அலசுகிற மாதிரி வையுங்கள். 25 டிகிரியில் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 8.3 மி.கி. என்றால் 32-இல் 7.3தான்.

கெண்டை_கெளுத்தி:

கேனிஸ்டரோடு ஒரு ஸ்பாஞ்ச் பில்டரும் கட்டாயம் போடுங்க. கரண்ட் போனா 5 வாட் ஏர் பம்ப் இன்வெர்ட்டர்ல இரவு முழுக்க ஓடும், அது போதும் மீனுக்கு. கேனிஸ்டர் மூணு மணி நேரத்துக்கு மேல நின்னிருந்தா அப்படியே ஆன் பண்ணிடாதீங்க. உள்ள இருக்கிற தண்ணி ஆக்சிஜன் இல்லாம அழுகியிருக்கும், முட்டை நாத்தம் வரும். பக்கெட்ல கொட்டிட்டு, தொட்டித் தண்ணியிலேயே ஒரு அலசு அலசி மாட்டுங்க.

வாரா வாரம் 50 லிட்டர் மாத்துங்க. நைட்ரேட் 40 பி.பி.எம்.-ஐத் தாண்டினா 70 லிட்டர் ஆக்குங்க. ஸ்பாஞ்சை மாசத்துக்கு ஒருமுறை, எடுத்த பழைய தண்ணியில பிழிஞ்சா போதும். ரிங்கைச் சும்மா விடுங்க. குழாய்த் தண்ணியில எல்லாத்தையும் ஒரே நாள்ல பளிச்சுனு கழுவினா சைக்கிளிங் மறுபடி முதல்ல இருந்துதான். முதல் ரெண்டு மாசம் கண்ணாடியில பழுப்புப் படலம் வரும், அது டயட்டம்னு ஒரு வகைப் பாசி, துடைச்சா போதும். பச்சையா வந்தா லைட் ஆறு மணி நேரத்துக்குக் குறைங்க, தீனியையும் குறைங்க. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு.

கோடையில மேல்மட்டத்தைப் பார்த்து சின்ன ஃபேன் வெச்சா ரெண்டு டிகிரி குறையும், கடற்கரைப் பக்கம் ஈரப்பதத்தால கொஞ்சம் கம்மியாத்தான் குறையும். நாளைக்கு 3–4 லிட்டர்கூட ஆவியாகும், அதுக்குத்தான் அந்த ஆர்.ஓ. தண்ணி. ஒயர் எல்லாம் பிளக்குக்குக் கீழ தொங்கி வளைஞ்சு மேல ஏறணும், அப்பத்தான் வழியிற தண்ணி சாக்கெட்டுக்குள்ள போகாது. அந்த லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தா உடனே துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கான்னு எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டுக்குங்க. கையைத் தண்ணியில விடும்போது ஹீட்டர், பம்ப் ரெண்டும் ஆஃப்.

புதுத்தொட்டி:

ஆஸ்கர், கோல்டு பிஷ், சக்கர் மூன்றையும் எடுத்துவிட்டேன். ரெயின்போதான். ஒரே ஒரு சந்தேகம்: ஆற்று மணல் வீட்டில் இருக்கிறது, போடலாமா?

ரசமட்டம்:

போடலாம். ஒரு கரண்டி எடுத்து வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் கலந்திருக்கிறது. உங்கள் மீன்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. சலித்து, அலசிய தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள், எட்டுப் பத்து முறை ஆகும். 5 செ.மீ.-க்கு மேல் போட்டால் அடியில் காற்றுப் புகாமல் கறுக்கும். தண்ணீர் ஊற்றும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் விழும்படி ஊற்றுங்கள்.