உலர்பனிப் பெட்டியின் மூடி மேலெழுகிறது: இறுக அடைக்கலாமா?

கேள்வி (பட்டர்வொர்த்):
வணக்கம். மகளின் புதுமனை புகுவிழாவுக்காகக் கோலாலம்பூருக்குக் காரில் குல்ஃபி கொண்டு செல்ல வேண்டும். முன்னோட்டமாக 2 கிலோ உலர்பனியைத் தெர்மகோல் பெட்டியில் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். சிறிது நேரத்தில் டேப் பிரிந்து மூடி மேலெழுகிறது. குளிர் வீணாகாமலிருக்க, உலர்பனியைத் திருகுமூடி உள்ள தடித்த எஃகு ஃபிளாஸ்க்கில் அடைத்துக் குல்ஃபிகளுக்கு நடுவே வைக்கலாமா?

பதில் (வேதியியல் ஆசிரியர், செந்தூல்):
அம்மா, தயவுசெய்து ஃபிளாஸ்க்கில் அடைக்காதீர்கள். அது வெடித்தால் எஃகுத் துண்டுகள் தெறிக்கும். பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை. உலர்பனி என்பது திடநிலைக் கரியமிலவாயு, அது −78.5 பாகை செல்சியஸில் நீர்மமாகாமல் நேரே வாயுவாகிறது. ஒரு கிலோவிலிருந்து 500 லிட்டருக்கும் மேல் வாயு கிளம்புவதால், அது வெளியேற வழி தேடி மூடியைத் தூக்குகிறது.

வழியே இல்லாத ஃபிளாஸ்க்கில் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், 5 வளிமண்டலத்தை (அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 5 மடங்கை) தாண்டியதும் உலர்பனி உருகி நீர்மமாகத் தொடங்கும். பாதியளவு நிரப்பிய ஃபிளாஸ்க் நம் ஊர் வெயிலில் 30 பாகையை எட்டினால், உள்ளழுத்தம் 70 வளிமண்டலத்தைக் கடக்கும். கார் டயருக்குள் இருப்பதோ இரண்டரையை ஒட்டியதுதான். சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், வெந்நீருக்காகச் செய்த பாத்திரம் இதைத் தாங்கும் என்று நம்பக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. வீட்டில் யாராவது அறியாமல் அப்படி மூடிவிட்டால், திறந்துவிடலாமா?

பதில் (செந்தூல்):
கூடாது. திருகும்போதே மூடி முகத்தை நோக்கிப் பாயலாம். அதைத் தொடாமல், அனைவரையும் அப்புறப்படுத்திவிட்டு 999-ஐ அழையுங்கள்.

பதில் (உறைந்த மீன் வியாபாரம், பினாங்கு):
அக்கா, டேப்பை எடுத்துவிட்டு மூடியை வெறுமனே பொருத்துங்கள். உலர்பனியைச் செய்தித்தாளில் சுற்றிக் குல்ஃபியின் மேல் வையுங்கள், குளிர் கீழிறங்கும். கனத்த கையுறை இல்லாமல் தொட்டால் தோல் உறைந்து புண்ணாகும்.

பெட்டியைவிடக் காரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அரை கிலோ ஆவியானாலே ஏறக்குறைய 270 லிட்டர் வாயு. காரின் உள்ளறை 3,000 லிட்டர் என்றால், காற்றோட்டம் இல்லாதபோது அது 9 விழுக்காடு. 4 விழுக்காடே உயிருக்கு ஆபத்தான அளவு. ஆகவே ஏர்கானில் வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, சன்னலையும் சற்றுத் திறந்தே வையுங்கள். தலைவலியோ மூச்சு வாங்கலோ தோன்றினால் உடனே பாதுகாப்பாக ஓரங்கட்டி இறங்கிவிடுங்கள். மிஞ்சியதைக் கழுவுதொட்டியில் கொட்டாமல், பிள்ளைகள் அண்டாத திறந்த வெளியில் ஆவியாக விடுங்கள்.