பூட் = கிளம்பு; நிறுவா விரலி பற்றியும்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கணினிகளுக்காக நாம் தமிழில் எழுதும் லினக்ஸ் இயங்குதளக் கையேட்டில் ‘பூட்’ (boot, விசையை அழுத்தியதும் இயங்குதளம் எழுந்து வருவது) வருமிடமெல்லாம் ‘தொடங்கு’ என்று போட்டுவிடலாம் என்று நம் குழுவில் வந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. பதிவிறக்கத்தையும் தொடங்குகிறோம், செயலியையும் தொடங்குகிறோம். “கணினி தொடங்கவில்லை” என்று ஒருவர் எழுதினால், மின்சாரமே ஏறவில்லையா, இயங்குதளம் மட்டும் எழவில்லையா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

போன வைகாசியில் மேலூரில் என் மாமாவின் அச்சகத்துக் கணினி படுத்துவிட்டது. 32 பிட் நுண்செயலி (சிபியு), ஒரு ஜிபி நினைவகம் (ரேம்). முகூர்த்தக் காலம், ஏழு கல்யாணப் பத்திரிகைகளின் கோப்புகள் அதற்குள். விசையை அழுத்தினால் விசிறி சுற்றும், ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும், பிறகு கருந்திரையில் ஒரு சிறு கோடு கண்சிமிட்டும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. பழைய கணினியிலும் ஓடக்கூடிய சிறிய லினக்ஸான பப்பி லினக்ஸை ஒரு விரலியில் (பென் டிரைவ்) எழுதிக்கொண்டு போனேன். பயாஸில் (விசையை அழுத்தியதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) விரலி தனியாகத் தெரியவில்லை. வன்வட்டுப் (ஹார்ட் டிஸ்க்) பட்டியலைத் திறந்தால் அதற்குள் இரண்டாவதாக இருந்தது. (பழைய பெட்டிகளில் பலர் ஏமாந்து திரும்பும் இடம் இது. கையேட்டில் கொட்டை எழுத்தில் போட வேண்டும்.) அதை முதலிடத்துக்கு ஏற்றிச் சேமித்ததும் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. மை படிந்த விரல்களோடு பின்னால் நின்ற மாமா, “கிளம்பிவிட்டதடா!” என்றார்.

நாம் மூன்று வாரமாகத் தேடும் சொல் அதுதான் என்பது என் கட்சி.

நடப்பதைப் பாருங்கள். பயாஸ் தன் சோதனையை முடித்ததும் வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் நினைவகத்துக்கு எடுத்துவருகிறது. அதிலும் நிரலுக்கு இருக்கும் இடம் 446 பைட்டுகள்தான். அந்தத் துணுக்கு தன்னைவிடப் பெரிய ஒன்றை எழுப்ப, அது இயங்குதளத்தின் மையமான கருநிரலை (கெர்னல்) எழுப்புகிறது. மதுரை மாசி வீதியில் தேர் புறப்படும்போது சக்கரத்தின் பின்னால் கட்டை கொடுத்து நெம்புகிறார்களே, அந்த வேலை. ஆங்கிலச் சொல் காலணி வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் கற்பனையிலிருந்து வந்தது. அந்த வார் நமக்கு வேண்டாம். திரும்பு, திருப்பு போலக் கிளம்பு, கிளப்பு என்று தன்வினையும் பிறவினையும் கைவசம் இருக்கின்றன. கணினி கிளம்புகிறது, விரலி அதைக் கிளப்புகிறது. அப்படியானால் இயங்குதளத்தை எழுப்பிவிடும் கிரப் (GRUB) போன்ற நிரல் ‘கிளப்பி’. பயாஸில் நாம் மாற்றுவது ‘கிளம்பு வரிசை’. அணைத்துப் போட்டால் ‘மறுகிளம்பல்’. ‘தொடங்கு’ இவ்வளவு இலகுவாக வளைந்து கொடுக்கவில்லை.

‘பூட்டு’ என்ற பரிந்துரை எனக்கும் ஒரு நாள் முழுக்கப் பிடித்திருந்தது. ஒலியும் ஒத்துவருகிறது, ஏர் பூட்டுவதும் வண்டி பூட்டுவதும் புறப்பாட்டுக்கான ஆயத்தம்தானே. ஆனால் திரையைப் பூட்டுகிறோம், கோப்பைப் பூட்டுகிறோம். “கணினியைப் பூட்டவும்” என்று படித்தவர் என்ன செய்வார்?

‘கிளப்பு’ என்றால் காபி கிளப் நினைவுக்கு வருகிறது, புரளி கிளப்புவதும் நினைவுக்கு வருகிறது என்று ஐயா எழுதியிருந்தீர்கள். காபி கிளப் தலைமுறை அருகிவிட்டது. புரளியைக் கிளப்புவதிலும், கிடந்ததை எழுப்பி ஓடவிடும் பொருளே இருக்கிறது. நாளிதழ்கள் ‘சர்ச்சையைக் கிளப்பியது’ என்று அன்றாடம் அச்சிடுகின்றன. கொச்சை என்று தள்ள இடமில்லை.

அடுத்து ‘லைவ்’ (live) விரலி, அச்சகத்துக்கு நான் கொண்டுபோனது போன்றது. இதற்கு ‘நேரலை’ பொருந்தவே பொருந்தாது. மீனாட்சி திருக்கல்யாணத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பது நேரலை. ‘விருந்து இயங்குதளம்’ அழகான சொல்தான், ஆனால் மெய்நிகர்க் கணினிக்குள் (மென்பொருளாலேயே உருவாக்கும் கணினி) ஓடுவதை ஏற்கெனவே விருந்தினர் என்று குறிக்கிறோம். இங்கே பொருளின் உயிர், வன்வட்டில் எதையும் நிறுவாமல் ஓடுவது. அச்சகத்தில் உருப்படியான யூஎஸ்பி துளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பப்பி முழுவதும் நினைவகத்தில் ஏறிவிட்டதால் விரலியைப் பிடுங்கிவிட்டு, அதே துளையில் வேறொன்றைச் செருகி ஏழு பத்திரிகைகளையும் எடுத்துக் கொடுத்தேன். மாமாவின் வன்வட்டில் ஒரு பைட்டுகூட மாறவில்லை. ஆகவே ‘நிறுவா விரலி’ என்கிறேன். செல்லாக் காசு, அணையா விளக்கு, வாடா மலர் என்று பழகிய அதே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், விளக்கவுரை தேவைப்படாது.

கையேட்டின் முதல் பக்கத்துக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்: “நிறுவா விரலியைச் செருகுங்கள். கிளம்பு வரிசையில் அதை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். கணினி கிளம்பவில்லை என்றால் வன்வட்டுப் பட்டியலுக்குள்ளும் தேடுங்கள்.”

இந்த மூன்று வாக்கியங்களில் எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள். ‘கிளப்பி’யை விடச் சிறந்த சொல் இருந்தால் விட்டுக்கொடுக்கிறேன், ‘கிளம்பு’வை விட மாட்டேன்.