ஐம்பது பென்ஸ் டின்

குழு: டூட்டிங் வீட்டுப் பிள்ளைகள்
சனிக்கிழமை

[காலை 10.12] பெரியண்ணா: (படம்)

[10.13] பெரியண்ணா: லண்டன் டூட்டிங் வீட்டுப் பரணில் கிடந்தது. பழைய ரோசஸ் சாக்லேட் டின். தூக்கிய கனத்தைப் பார்த்து, அம்மாவின் நகை ஏதும் இருக்குமோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டுவிட்டேன். திறந்தால் முழுவதும் பழைய ஐம்பது பென்ஸ் நாணயங்கள்.

[10.15] அக்கா: ஐயோ! டிவிக் காசு!

[10.16] அண்ணா மகள்: டிவிக்கு எதற்குக் காசு மாமி?

[10.19] நான்: எழுபதுகளில் பெட்டி நம்முடையது இல்லையம்மா, வாடகைக்கு எடுத்தது. அதன் முதுகில் ஓர் உண்டியலைப் பூட்டியிருப்பார்கள். காசு போட்டால் படம் வரும். போட்ட காசு தீர்ந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் இருட்டு. யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

[10.21] பெரியண்ணா: மாதம் ஒருமுறை வாடகை வசூலிப்பவர் வந்து உண்டியலைத் திறந்து சமையலறை மேசையில் கொட்டுவார். பத்துப் பத்தாக அடுக்குவார். வாடகைக்கு மேல் விழுந்திருந்தால் மிச்சத்தை நமக்கே தருவார். அந்த மிச்சத்தை அம்மா இந்த டின்னில் போட்டுவைப்பார். அதே காசு திரும்பவும் பெட்டிக்குள்ளேயே போகும்.

[10.22] அக்கா: ஒரு தடவை ஓர் அடுக்கை எண்ணாமலே பைக்குள் தள்ளிவிட்டார், நினைவிருக்கிறதா? அப்பா கணக்காளர், அவரிடமா! மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு, "மறுபடி எண்ணலாமா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். அந்த மனிதரின் காது சிவந்ததை இப்போதும் பார்க்கிறேன்.

[10.24] அத்தான்: மச்சான், இவற்றை வைத்துக் கடையில் ஒன்றும் வாங்க முடியாது. 1997 இல் சிறிய ஐம்பது பென்ஸ் வந்தது. அடுத்த ஆண்டே பெரியதை விலக்கிவிட்டார்கள்.

[10.25] அக்கா: யார் கடைக்குப் போகப் போகிறார்கள்? எனக்கு அந்த டின்மேல் வேறு கோபம். 1976 செப்டம்பர், சனிக்கிழமை இரவு, டூ ரானீஸ் நகைச்சுவை நிகழ்ச்சி. ஹார்ட்வேர் கடைக் காட்சி. ரானி பார்க்கர் வாடிக்கையாளர், ரானி கார்பெட் கடைக்காரர். சாமான் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, கடைக்காரருக்கு வெறி ஏறிக்கொண்டே போகிறது. கடைசிப் பொருளைப் பட்டியலில் பார்த்துவிட்டு அவர் கொதிக்கிறார். டப். இருட்டு. டின்னில் காசு இல்லை.

[10.26] நான்: அப்பாவின் கோட்டுப் பையில் ஒன்று இருந்தது. நான்தான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். போட்டபோது வேறு யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

[10.27] அக்கா: அதன் முடிவை நான் பார்த்தது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, மறு ஒளிபரப்பில்.

[10.31] சின்னம்மா (வெள்ளவத்தை): பிள்ளைகளே, நானும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஹார்ட்வேர் கடையில் அப்படி என்ன சிரிப்பு?

[10.34] பெரியண்ணா: சின்னம்மா, வந்தவர் "ஃபோர் கேண்டில்ஸ்" என்று கேட்கிறார். கடைக்காரர் நாலு மெழுகுவர்த்தியை எடுத்துவைக்கிறார். "அதில்லை, ஃபோர்க் ஹேண்டில்ஸ்" என்கிறார் அவர். முள்மண்வாரிக்குப் போடுகிற கைப்பிடி. லண்டன் பேச்சில் 'ஹ' வாயிலேயே கரைந்துவிடும், அதனால் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். பிறகு "ஓஸ்" கேட்கிறார். மண்வெட்டி (ஹோ) வருகிறது. இல்லையாம். தண்ணீர்க் குழாய் (ஹோஸ்) வருகிறது. அதுவும் இல்லையாம். கடைசியில் பார்த்தால் வாசல் கதவில் ஒட்டுகிற 'ஓ' எழுத்து.

[10.36] சின்னம்மா (வெள்ளவத்தை): மெழுகுவர்த்திக்கும் கைப்பிடிக்கும் என்னப்பா சம்பந்தம்?

[10.37] பெரியண்ணா: தம்பி, நீ சொல்லு. என்னால் முடியவில்லை.

[10.41] அத்தான்: சின்னம்மா, இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கோயில் ஐயர் பாத்திரக் கடைக்கு வந்து "நாலு மணி வேண்டும்" என்கிறார். கடைக்காரர் சுவரைப் பார்த்துவிட்டு, "இப்போது மூன்றரைதான் ஆகிறது, அரை மணி நேரம் பொறுங்கள்" என்கிறார்.

[10.42] சின்னம்மா (வெள்ளவத்தை): 😂😂😂 இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

[10.43] அக்கா: முப்பது வருடத்தில் இவர் சொன்ன முதல் நல்ல பகிடி. குறித்துக்கொள்ளுங்கள்.

[10.45] நான்: இன்னொரு சுவை. அந்தக் காட்சியை எழுதியதே பார்க்கர்தான். ஜெரால்ட் வைலி என்ற புனைபெயரில் எழுதி அனுப்புவார். தன் பெயரைப் பார்த்து யாரும் தாட்சண்யத்துக்காக எடுத்துக்கொள்ளக் கூடாதாம்.

[10.46] அண்ணா மகள்: முடிவு என்ன சித்தப்பா?

[10.46] நான்: அதைப் பெரியவர்கள் இருக்கும் குழுவில் எழுத முடியாது. தேடிப் பார்த்துக்கொள்.

[10.52] பெரியண்ணா: அப்பாவுக்கு மோர்கம்ப், வைஸ் என்ற நகைச்சுவை இரட்டையர்தான் எல்லாம். 1971 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ஆந்த்ரே ப்ரெவின் என்ற பெரிய இசை நடத்துநரைக் கூப்பிட்டு, க்ரீக்கின் பியானோ இசையை எரிக் மோர்கம்ப் கண்டபடி வாசிப்பார். ப்ரெவின் பொறுக்காமல் கேட்டால், சட்டையைப் பிடித்துக்கொண்டு, எல்லாச் சுரமும் சரியாகத்தான் வாசிக்கிறேன், வரிசைதான் சரியாக இருக்கவேண்டும் என்றில்லை என்பார்.

[10.54] நான்: அதை என் தலையில் எத்தனை தடவை போட்டிருப்பார்! சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 'கற்கண்டு' என்பதற்குக் 'கண்கற்டு' என்று எழுதிவைத்தேன். கொப்பியைப் பார்த்துவிட்டு அப்பா திட்டவே இல்லை. "எழுத்தெல்லாம் சரி தம்பி, வரிசைதான்..." என்று இழுத்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

[10.58] அண்ணா மகள்: பூட்டியும் பார்ப்பாரா? அவருக்கு ஆங்கிலம் தெரியாதே.

[11.01] அக்கா: அம்மம்மாவா? சனிக்கிழமை நாலு மணிக்கு அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார முடியாது. ஐடிவியில் மல்யுத்தம். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979 இல்தான். இவர் அதற்கு மூன்று வருடம் முன்பே வந்து இறங்கி, முதல் வாரத்திலேயே பிக் டாடி என்ற மல்யுத்த வீரரின் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

[11.03] பெரியண்ணா: பிக் டாடியின் சொந்தப் பெயர் ஷெர்லி. பெண்பிள்ளைப் பெயர். முதலில் போட்டுக்கொண்டு வந்த உடுப்பு, சோபா உறைத் துணியில் மனைவி தைத்தது. இந்த இரண்டையும் சொன்னபோது அம்மம்மாவுக்கு அவர்மேல் பாசம் இரட்டிப்பாகிவிட்டது. எதிராளி ஜயன்ட் ஹேஸ்டாக்ஸ். பெயருக்கு அர்த்தம் கேட்டார், சொன்னேன். அன்றிலிருந்து "அந்த வைக்கோற்போர் இன்றைக்கு வருகிறானா?"

[11.04] நான்: 1981 இல் வெம்பிளியில் வைக்கோற்போரை மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட்டார் பிக் டாடி. அம்மம்மா எழுந்து நின்று கை தட்டினார். மடியில் இருந்த கீரைத் தட்டு கம்பளத்தில். அந்தப் பச்சைக் கறை கடைசிவரை போகவில்லை.

[11.05] பெரியண்ணா: இன்னும் இருக்கிறது. இப்போது அதன்மேல்தான் நிற்கிறேன்.

[11.06] அக்கா: முன்கூட்டியே பேசி வைத்து விழுகிறார்கள் என்று அவரிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

[11.15] அத்தான்: மைண்ட் யுவர் லாங்குவேஜை விட்டுவிட்டீர்களே. 1977 இல் தொடங்கியது. ஆங்கிலம் படிக்க வந்த வெளிநாட்டார் வகுப்பு. சீக்கியராக நடித்த ஆல்பர்ட் மோசஸ் நம்மூர்க்காரர், கம்பளையில் பிறந்தவர்.

[11.16] சின்னம்மா (வெள்ளவத்தை): அதை இங்கே ரூபவாகினித் தொலைக்காட்சியில் பார்த்து எவ்வளவு சிரித்திருக்கிறோம்! இத்தாலிக்காரனும் சீனாக்காரியும்!

[11.18] அண்ணா மகள்: மன்னிக்கவேண்டும், நான் இரண்டு பாகம் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் ஒரே ஒரு கோமாளித்தனம், அதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

[11.20] பெரியண்ணா: அது அந்தக் காலம் மகள். எல்லாரையும்தான் கேலி செய்தார்கள்.

[11.24] அக்கா: அண்ணா, உங்களுக்கு அப்போது பதினெட்டு வயது, கல்லூரிக்குப் போய்விட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் இருந்தது நான். ரஞ்சித் என்ற அந்தச் சீக்கியப் பாத்திரம் கைகூப்பி "ஆயிரம் மன்னிப்பு" கேட்கும் அல்லவா? மறுநாள் உணவு வரிசையில் எனக்கு முன்னால் ஐந்து பேர் தலையை ஆட்டி ஆட்டி அதையே சொல்வார்கள். நான் சீக்கியப் பெண்ணும் இல்லை, நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அதே நிகழ்ச்சியைப் பார்த்து நானும் சிரித்தேன். இரண்டும் உண்மை.

[11.25] அத்தான்: இதை என்னிடம்கூட நீ சொன்னதில்லையே.

[11.25] அக்கா: நீங்கள் கேட்டதில்லையே.

[11.28] நான்: அதை நிறுத்தியதும் இந்தக் காரணத்துக்காகத்தான். மைக்கேல் கிரேட் என்ற அதிகாரி, இது வெளிநாட்டாரை இழிவுபடுத்துகிறது என்று 1979 இல் முடித்துவைத்தார். வாத்தியாராக நடித்த பாரி எவன்ஸ் கடைசிக் காலத்தில் இங்கே எங்கள் லெஸ்டர்ஷயரில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார்.

[11.31] பெரியண்ணா: அப்பா எதையும் தடை செய்ததில்லை. ஒன்றைத் தவிர. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு ஆடிப்பாடும் பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ. பிபிசியிலேயே 1978 வரை இருபது வருடம் ஓடியது. அது தொடங்கினால் அப்பா எழுந்து பெட்டியை அணைத்துவிடுவார். "இதற்கு ஐம்பது பென்ஸ் கொடுக்க முடியாது." அவ்வளவுதான், பிரசங்கம் கிடையாது.

[11.33] அக்கா: ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்து மக்களுக்கென்று நயி ஜிந்தகி நயா ஜீவன் போடுவார்கள். இந்தியும் உருதும். நமக்கு ஒரு சொல் விளங்காது. ஆனாலும் சேலை கட்டிய ஒருவர் திரையில் வருகிறார் என்பதற்காக அம்மா அதற்கும் காசு போடுவார்.

[11.40] நான்: டாமி கூப்பர் இரவு யாருக்காவது நினைவிருக்கிறதா?

[11.41] பெரியண்ணா: மறக்குமா? 1984 ஏப்ரல் 15, ஞாயிறு. புத்தாண்டுக்குச் சுட்ட பயற்றம் பணியாரம் இன்னும் இருந்தது. அப்போது சொந்தப் பெட்டி வாங்கிவிட்டோம், உண்டியல் தொல்லை இல்லை.

[11.46] நான்: மகளுக்காகச் சொல்கிறேன். அவர் மந்திர வித்தைக்காரர், சிவப்புக் குல்லாய். செய்கிற வித்தையெல்லாம் வேண்டுமென்றே சொதப்புவார், அதுதான் சிரிப்பு. அன்று லண்டன் ஹர் மெஜஸ்டிஸ் அரங்கில் இருந்து நேரடி ஒளிபரப்பு. ஒரு பெண் அவருக்குப் பெரிய அங்கியை மாட்டிவிட்டுப் போனார். அப்படியே பின்னால் சரிந்து திரைச்சீலையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அரங்கமே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். நான் பணியாரத்தை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். பிறகு விளம்பரம் போட்டுவிட்டார்கள். மாரடைப்பு. வயது 63.

[11.47] அக்கா: அம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அந்த மனிதருக்கு என்னவோ செய்கிறது, யாராவது போய்த் தூக்குங்கள்" என்றார். அது நடிப்பு அம்மம்மா என்று நான்தான் சொன்னேன்.

[11.48] பெரியண்ணா: அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

[11.57] சின்னம்மா (வெள்ளவத்தை): எனக்குத் தெரியும். அந்த வாரமே அம்மா எனக்கு நீல விமானக் கடிதத்தில் எழுதியிருந்தார். வைக்கோற்போர் விழும்போது முதலில் கை தரையில் அறையும், பிறகுதான் உடம்பு விழும், அந்தக் குல்லாய்க்காரருக்குக் கை வரவே இல்லை என்று.

[11.58] அக்கா: சின்னம்மா... அப்படியென்றால் மல்யுத்தம் நடிப்பு என்று அம்மம்மாவுக்குத் தெரியுமா?

[12.00] சின்னம்மா (வெள்ளவத்தை): தெரியாமல் என்ன? ஊரில் எத்தனை கூத்துப் பார்த்தவர். "மருமகன் நான் நம்புகிறேன் என்று நினைத்துப் பிள்ளைகளை அடக்கி வைத்திருக்கிறார், பாவம், அவருடைய சந்தோஷத்தை நான் ஏன் கெடுப்பான்" என்றும் எழுதியிருந்தார்.

[12.01] நான்: அப்பா! எட்டு வருடம்!

[12.02] அக்கா: நாங்கள் அவருக்காக நடித்தோம், அவர் அப்பாவுக்காக நடித்திருக்கிறார்.

[12.03] அண்ணா மகள்: அந்தக் கடிதம் இருக்கிறதா சின்ன அப்பம்மா?

[12.05] சின்னம்மா (வெள்ளவத்தை): அலுமாரியில் எங்கேயோ. கண்ணாடி போட்டுக்கொண்டு தேடவேண்டும். பின்னேரம் பார்க்கிறேன், நாலு மணிக்கு. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு. 😄

[12.09] பெரியண்ணா: சரி, குப்பை ஏற்றும் லொறி வாசலுக்கு வந்துவிட்டது. அந்த நாற்காலி, முன்னறைக் கம்பளம், இரண்டையும் ஏற்றச் சொல்லவா? ஆள் அவசரப்படுத்துகிறார்.

[12.09] அக்கா: நாற்காலியைத் தொடாதீர்கள்!

[12.09] நான்: கம்பளத்தில் கறை இருக்கும் துண்டை மட்டும் வெட்டி வைக்க முடியுமா அண்ணா?

[12.10] பெரியண்ணா: கத்தரிக்கோல் ஏற்கெனவே லொறியில் ஏறிவிட்டது. பொறு, இறக்கச் சொல்கிறேன்.