பழைய மின்சக்கரம்: மண்ணை அழுத்தினால் நின்றுவிடுகிறது (அவசரம்)

ஈரமண்:
வணக்கம். பானை வனையும் என் மின்சக்கரம் வெறுமனே நன்றாகச் சுற்றுகிறது. மண்ணை வைத்து மையப்படுத்த அழுத்தினால் வேகம் விழுந்து நின்றேவிடுகிறது. கையை எடுத்தால் மறுபடியும் ஓடுகிறது. நாளைக்குள் வனைந்து முடிக்க வேண்டிய கிண்ணங்கள் இருக்கின்றன. யாராவது உடனே சொல்லுங்கள்.

திகிரி:
என்ன மோட்டார்? பெல்ட் உள்ளதா, உராய்வில் ஓடுவதா? எவ்வளவு மண் வைக்கிறீர்கள்? திடீரென்று வந்ததா, நாளாக நாளாகக் கூடியதா?

கரித்துண்டு:
மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு, அதாவது கார்பன் பிரஷ்தான், வேறெதையும் தேட வேண்டாம். பிரஷ் தேய்ந்து குட்டையாகிவிட்டால் ஸ்பிரிங் அதைக் கம்யூட்டேட்டர் (மோட்டாரில் சுழலும் செம்பு வளையம்) மேல் அழுத்திப் பிடிக்காது. வெறும் ஓட்டத்தில் தெரியாது, சுமை ஏறியதும் மோட்டார் சோர்ந்துவிடும். பக்கவாட்டு மூடிகளைத் திறந்து பாருங்கள். பிரஷ்ஷை எடுத்தால் இருந்த திசையிலேயே திரும்ப வையுங்கள். அதன் முனை வளைவாகத் தேய்ந்திருக்கும், திருப்பி வைத்தால் சரியாகப் படியாது.

மூத்தகை:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது, தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. முதலில் உங்கள் மண்ணைப் பாருங்கள். இறுகிய மண்ணைத் தோள்பலத்தால் அமுக்குகிறவர்களுக்கு எந்தச் சக்கரமும் நிற்கத்தான் செய்யும். முழங்கையைத் தொடையில் ஊன்றி, தண்ணீர் தொட்டு, நிதானமாக மையப்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். கருவியைத் திறப்பது அதற்குப் பிறகு.

ஈரமண்:
டிசி மோட்டார், பெல்ட் உண்டு. மண் ஒரு கிலோதான். போன வாரம் இதே மண்ணில் வனைந்தேன், ஒரு தொல்லையும் இல்லை. இப்போது அழுத்தும்போது கடகடவென்று ஒரு சத்தமும் கேட்கிறது.

திகிரி:
அந்தச் சத்தத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்! இனி இப்படிச் செய்யுங்கள். மண்ணை அழுத்தும்போது மோட்டாரின் ஒலியைக் கவனியுங்கள். மண் வைக்கும் தட்டோடு சேர்ந்து அதுவும் தாழ்ந்தால் கோளாறு மின்சாரப் பக்கம்: பிரஷ், வேகக் கட்டுப்பாட்டுப் பலகை, மிதியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டர், அல்லது மெல்லிய நீண்ட எக்ஸ்டென்ஷன் கம்பியால் வரும் மின்னழுத்த இழப்பு. மோட்டார் அதே ஒலியில் ஓடிக்கொண்டிருக்கத் தட்டு மட்டும் நின்றால் அங்கே ஏதோ வழுக்குகிறது. பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது பெல்ட் ஓடும் புல்லி தண்டின் மேல் தனியாகச் சுற்றலாம்.

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பலகையில் உள்ள மின்தேக்கியில் மின்சாரம் சற்று நேரம் தங்கும், உடனே கை வைக்காதீர்கள். உள்ளே படிந்த மண்தூளை ஊதாதீர்கள். அதில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடையுங்கள்.

நீர்த்தொட்டி:
திறந்ததும் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று தடவினால் பேரிங்கை மாற்ற வேண்டும். எண் அதன் மேலேயே பொறித்திருக்கும். 6205 என்றால் உள் விட்டம் 25 மி.மீ., வெளி விட்டம் 52 மி.மீ., தடிமன் 15 மி.மீ. இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதை வாங்குங்கள், சேற்றுநீர் உள்ளே போகாது.

வழுக்கல்:
இவ்வளவு எதற்கு? பெல்ட்டில் பிடிப்புத் தெளிப்பான் அடித்தால் நாளையே வனையலாம்.

திகிரி:
வேண்டாம், தயவுசெய்து. அந்தப் பிசுக்கில் மண்தூள் ஒட்டிக்கொண்டு பெல்ட்டையும் புல்லியையும் அரைக்கும். பளபளப்பேறிய பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும்.

வழுக்கல்:
நான் பல காலமாக அடித்துக்கொண்டிருக்கிறேன், எதுவும் அரைபடவில்லை.

இடதுகை:
குறுக்கே ஒரு கேள்வி. டிசி மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகளை மாற்றிக் கொடுத்தால் சக்கரம் வலஞ்சுழியாகச் சுற்றுமா? எனக்கு அதுதான் வசதி.

மூத்தகை:
இடஞ்சுழிதான் முறை. ஆளுக்கொரு திசையில் சுற்ற ஆரம்பித்தால் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.

நீர்த்தொட்டி:
ஜப்பானில் மரபாக வலஞ்சுழியில்தான் வனைகிறார்கள் ஐயா. அவர்களுடைய பானைகளுக்கு என்ன குறை? இடதுகை, நிரந்தரக் காந்த மோட்டாராக இருந்தால் திசை மாறும். ஆனால் உங்கள் தட்டு மறையில் திருகி ஏற்றியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் ஓட்டினால் கழன்றுவிடும்.

மூத்தகை:
ஜப்பானியர் ஜப்பானியரிடம் கற்கிறார்கள். நான் சொன்னது இங்கே கற்பவர்களுக்கு.

இடதுகை:
கற்றுக்கொடுக்க இடதுகை ஆசிரியர் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை ஐயா. அதனால்தான் கேட்டேன்.

ஈரமண்:
மோட்டார் ஒலி தாழவில்லை. மோட்டார் புல்லியின் திருகு தளர்ந்திருந்தது. ஆலன் சாவியால் இறுக்கினேன், ஓடுகிறது. எல்லோருக்கும் நன்றி, வனையப் போகிறேன்.

திகிரி:
மகிழ்ச்சி. ஆனால் இறுக்கியது மட்டும் போதாது. அந்தத் திருகின் முனை தண்டின் தட்டையான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா? திருகு தளராமல் பிடிக்கும் பசையில் நடுத்தர வகையை ஒரு துளி விடுங்கள், பின்னால் கழற்றவும் முடியும். இரண்டு புல்லிகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். கோணலாக இருந்தால் பெல்ட் ஓரம் தேயும். தண்டில் கீறல் விழுந்திருக்கிறதா? அதைச் சொல்லுங்கள், விழுந்திருந்தால் மறுபடியும் தளரும்.

கரித்துண்டு:
பிரஷ் எவ்வளவு நீளம் மிச்சம் இருந்தது என்றும் சொல்லுங்கள்.