மறு: ‘போலி ஒவ்வாமை’க்கு வேறு சொல் உண்டா?

அன்பு நண்பர்களுக்கு,

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைக்கான தகவல் தாளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அரிதாக வரும் பக்கவிளைவுகள் பகுதியில் மாட்டிக்கொண்டேன். ‘ஹைப்பர்சென்சிட்டிவிட்டி’க்கு மிகை உணர்திறன், ‘சூடோ அலர்ஜி’க்குப் போலி ஒவ்வாமை, ‘ஆஞ்சியோஎடீமா’வுக்குக் குருதிநாள வீக்கம் என்று முதல் வரைவில் போட்டேன். வரைவைப் படித்த என் அண்ணி கேட்டது: “போலின்னா? நான் நடிக்கிறேன்னு சொல்றாங்களா?” பதில் சொல்லத் தெரியவில்லை. உதவுங்கள்.

* * *

வணக்கம் ஐயா,

அண்ணி கேட்டதில் நியாயம் இருக்கிறது. இலக்கணத்தில் அறம் ‘அறன்’ ஆனால் அது கடைப்போலி; அங்கே பொருளும் கெடாது, பொய்யும் கிடையாது. அந்தப் போலியை நினைத்து யாரோ இந்தச் சொல்லைக் கட்டியிருந்தால் அழகுதான். ஆனால் இன்றைக்குப் போலிச் சான்றிதழும் போலி மருத்துவரும்தான் காதில் விழுகிறது. உதடு வீங்கி உட்கார்ந்திருப்பவரிடம் போய் அதைச் சொல்ல முடியாது.

நடப்பது இதுதான். உண்மையான ஒவ்வாமையில் உடல் அந்தப் பொருளை முன்பே ஒருமுறை சந்தித்து, அதற்கென்றே ‘ஐஜிஇ’ என்ற எதிர்பொருளை (ஆன்டிபாடி) செய்து வைத்திருக்கும். மறுமுறை வந்ததும் திசுக்களில் இருக்கும் ‘மாஸ்ட்’ என்ற தடுப்பாற்றல் செல்கள், அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். நீங்கள் ‘போலி’ என்று எழுதியதில் எதிர்பொருள் இல்லாமலே மாஸ்ட் செல்கள் நேரடியாகத் தூண்டப்படுகின்றன. வழிதான் வேறு. அரிப்பும் வீக்கமும் மூச்சுத்திணறலும் ஒன்றே, ஆபத்தும் ஒன்றே. ஆகவே என் பரிந்துரை ஒவ்வாமைச்சாயல். பிள்ளைக்கு அப்பா சாயல் இருந்தால் அதை யாரும் போலி என்பதில்லையே.

ஸ்டேட்டின் தாளுக்கு இந்தச் சொல் இன்னொரு வகையிலும் பொருந்தும். 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லோவாஸ்டேட்டின் முதல் பல ஸ்டேட்டின்களின் குறிப்புகளில் ஒரு பட்டியல் வருகிறது: ஆஞ்சியோஎடீமா, காணாக்கடி, லூபஸ் (தடுப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய்) போன்ற நிலை, இரத்தக்குழாய் அழற்சி, தட்டணுக் குறைவு, இயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூடுதல், மூட்டுவலி, வெயில் பட்டால் தோல் சிவத்தல், காய்ச்சல். இத்தனையையும் அந்தக் குறிப்புகளே ‘மிகை உணர்திறன்போல் தோன்றுகிற’ என்ற அடைமொழியோடுதான் சொல்கின்றன. பெரும்பாலான தமிழாக்கங்களில் விழுந்துபோவது அந்தத் ‘தோன்றுகிற’தான்.

(காணாக்கடியை வேண்டுமென்றேதான் எழுதினேன். கடித்தது எதுவென்று தெரியாமல் தடித்துப்போவதற்கு இதைவிட நல்ல பெயரை எந்தக் குழுவும் கூடி உட்கார்ந்து உருவாக்கிவிட முடியாது. ‘அர்ட்டிகேரியா’வுக்குப் புதுச்சொல் தேடாதீர்கள்.)

‘மிகை உணர்திறன்’ எனக்குப் பிடிக்கவில்லை. தொட்டால் கூசுவது, பல் கூசுவது என்றுதான் படிப்பவர் நினைப்பார். மிகைப்படுவது உணர்வு அல்ல, தடுப்பாற்றலின் எதிர்வினை. மிகைவினை போதாதா?

இவற்றையெல்லாம் விட எனக்கு உறுத்துவது நாம் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ‘ஒவ்வாமை’யே. ‘அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை’ என்று நாம் எதற்கெல்லாம் சொல்கிறோம்? வயிறு புரட்டினாலும் ஒத்துக்கலை, தொடைத்தசை வலித்தாலும் ஒத்துக்கலை, நாக்கு வீங்கினாலும் ஒத்துக்கலை. ஸ்டேட்டின் எடுப்பவர்கள் அதிகமாகச் சொல்லும் குறை தசைவலி. அது ஒவ்வாமையே அல்ல. அளவைக் குறைத்தோ வேறு ஸ்டேட்டினுக்கு மாற்றியோ பலரால் தொடர முடிகிறது. ஆனால் பதிவேட்டில் ‘ஸ்டேட்டின் ஒவ்வாமை’ என்று ஒருமுறை ஏறிவிட்டால், பின்னாளில் மாரடைப்பே வந்தாலும் அந்த மருந்தை எழுதித்தர மருத்துவர் தயங்குவார். மறுபக்கம், நிஜமாகவே முகமும் தொண்டையும் வீங்கியவர் ‘ஒத்துக்கலை, அவ்வளவுதான்’ என்று சில மாதம் கழித்துத் தானாக மறுபடி விழுங்கிப் பார்த்தால் அது உயிருக்கு உலை. ஆகவே முதல் வகைக்குத் தாங்காமை என்று தனிச்சொல் வைத்து, தாளின் தொடக்கத்திலேயே இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

ஆஞ்சியோஎடீமாவுக்கு ‘ஆழ்தோல் வீக்கம்’ சரியாக இருக்கும். காணாக்கடி தோலின் மேலடுக்கில், இது அடியடுக்கில்.

* * *

அக்கா, ஒவ்வாமைச்சாயலுக்கு என் இரண்டு கையும் தூக்குகிறேன். இரண்டு மறுப்பு.

> ஆஞ்சியோஎடீமாவுக்கு ‘ஆழ்தோல் வீக்கம்’ சரியாக இருக்கும்

நாக்கிலும் குரல்வளையிலும் தோல் ஏது? மூச்சை அடைக்கும் இடமே அதுதான். ஜெர்மன் மருத்துவர் குவின்க்கே 1882இல் விவரித்த இந்த வீக்கத்துக்கு நரம்புக் கோளாறு என்று எண்ணி ‘ஆஞ்சியோநியூராட்டிக்’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு அவர்களே நரம்பைக் கழற்றிவிட்டார்கள். நாம் தோலைக் கழற்றிவிடலாம். ஆழ்வீக்கம் போதும். நாளத்தையும் சேர்க்க வேண்டாம். குருதிநாள வீக்கம் என்றால் நாளமே புடைத்ததாகப் படும், உண்மையில் நாளத்திலிருந்து நீர் கசிந்து சுற்றியுள்ள திசு வீங்குகிறது.

இரண்டாவது, தசைவலி எல்லாமே தாங்காமை என்று எழுதிவிடாதீர்கள். மிகச் சிலருக்கு, ஸ்டேட்டின் தடுக்கிற அதே நொதிக்கு எதிராக உடல் எதிர்பொருள் உண்டாக்கி, மருந்தை நிறுத்திய பிறகும் தசை பலவீனமாகிக்கொண்டே போகும். அது ஒவ்வாமையும் இல்லை, தாங்காமையும் இல்லை, தன்னெதிர்ப்பு.

* * *

தம்பி சொல்வது சரி. தோலை எடுத்துவிட்டேன். தன்னெதிர்ப்புக்குத் தனி வரி வேண்டும்.

ஐயா, ஒன்று விட்டுப்போனது. தாளில் ‘அரிது’ என்பது பேச்சுவழக்கு அரிது அல்ல, 10,000 பேரில் 1 முதல் 10 பேர் வரை என்று பொருள். அதற்கும் கீழே ‘மிக அரிது’. அழகுக்காக ஓரிடத்தில் அபூர்வம், ஓரிடத்தில் எப்போதாவது என்று மாற்றி மாற்றி எழுதினால் கணக்கே போய்விடும்.

* * *

இருவருக்கும் நன்றி. திருத்திய வரி இது:

“அரிதாக, உதடு, இமை, நாக்கு அல்லது தொண்டையில் ஆழ்வீக்கம் வரலாம். இது ஒவ்வாமையாகவோ ஒவ்வாமைச்சாயலாகவோ இருக்கலாம். எதுவானாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி பெறுங்கள். மருத்துவரைக் கேட்காமல் மீண்டும் தொடங்க வேண்டாம். தசைவலி மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் தாங்காமை. நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தசை பலவீனமும் சேர்ந்தாலோ சிறுநீர் கருத்தாலோ காத்திருக்காதீர்கள்.”

அண்ணி படித்தார். சாயல் புரிந்ததாம். ‘மிகைவினை’ மட்டும், துறுதுறுவென்று ஓடும் பிள்ளையைச் சொல்வதுபோல் இருக்கிறதாம். அந்த ஒன்றுக்கு வேறு யாராவது?