லேப் நேரத்தை எடுத்து ஸ்போக்கன் இங்கிலீஷா?

மஞ்சூர் மாணவி:
ஊட்டியில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வாரத்தில் இரண்டு லேப் பீரியடை எடுத்து, வெளியிலிருந்து பயிற்சியாளரைக் கூப்பிட்டு ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்தலாம் என்று எங்கள் துறையில் பேச்சு நடக்கிறது. சாயங்காலம் வைத்தால் தூரத்துப் பிள்ளைகளுக்கு பஸ் போய்விடும், அதனால்தான் லேப் நேரத்தில் கை வைக்கிறார்கள். இன்டர்வியூவில் எங்களுக்கு வாய் திறக்க வரவில்லை என்பது உண்மைதான். அதற்காக லேபை விட்டுக்கொடுக்க வேண்டுமா? படித்து முடித்தவர்களும் பாடம் நடத்துபவர்களும் சொல்லுங்கள்.

குன்னூர்க்காரன்:
எடுக்கட்டும் தங்கச்சி. நான் பெங்களூரில் கருவிகள் தயாரிக்கும் கம்பெனியில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது நானும் உட்காருவேன். நம் மலைப் பிள்ளைகள் நல்ல மார்க்கோடு வருகிறார்கள். "உன் ப்ராஜெக்ட்டைப் பற்றிச் சொல்" என்று ஆங்கிலத்தில் கேட்டதும் தலை குனிந்துவிடும். அடுத்து வருகிறவன் அரைகுறையாகச் செய்ததைச் சரளமாகப் பேசி வேலையை வாங்கிக்கொண்டு போகிறான். பார்த்தால் வயிறு எரிகிறது. முதலில் கூச்சம் போக வேண்டும். பேசிப் பேசித்தான் அது போகும்.

கோத்தகிரி வாத்தியார்:
கூச்சம் போக வேண்டும், அதில் சண்டை இல்லை தம்பி. எதைப் பேசிப் பழகுவது? வெளிப் பயிற்சியாளர்கள் நடத்துவதைப் பார்த்திருக்கிறேன்: தன்னை அறிமுகம் செய்துகொள்வது, ஓட்டலில் சாப்பாடு சொல்வது, போனில் பேசுவது. முதல் இரண்டு வருடம் பகுதி இரண்டில் கதை, கவிதை, இலக்கணம் என்று ஆங்கிலம் ஏற்கெனவே இருக்கிறது. ஒளி வளையும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் நின்று பேச வேண்டிய ஆங்கிலத்துக்கு இரண்டிலும் இடமில்லை.

ரெக்கார்டு நோட்டை எடுத்துப் பாருங்கள். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியது, பிழையே இருக்காது. வாய்மொழித் தேர்வில், அதுதான் வைவாவில், "மினிமம் டீவியேஷன் வந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள். பேச்சு மூச்சு இருக்காது. பிரிசம் வழியாகப் போகும் ஒளி மிகக் குறைவாக வளையும் நிலைதான் மினிமம் டீவியேஷன். பிரிசம் மேசையை ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால், பிம்பம் நகர்ந்து வந்து ஓரிடத்தில் நின்று, வந்த வழியே திரும்பும். அந்தத் திரும்புமிடம்தான் விடை. அந்தப் பிள்ளை அதைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். சொல்வதற்கு ஆங்கிலத்தில் நாலு சின்ன வாக்கியம் போதும். அந்த மேசைப் பக்கத்திலேயே, கருவியில் கை இருக்கும்போதே, சொல்லவைக்க வேண்டும். லேபைக் குறைத்தால் பேசுவதற்குச் சரக்கு எங்கிருந்து வரும்?

கூடலூர் வேதியியல்:
சார், அந்தப் பிள்ளை அதைத் தமிழில் சொல்லியிருப்பாளா என்று கேட்டுப் பார்த்தீர்களா? பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறோம். வந்த அன்றே எல்லாமே ஆங்கிலம். புரியாததைத்தான் மனப்பாடம் செய்கிறோம்.

ஊட்டிப் பக்கத்து முத்தோரை ரேடியோ தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970 முதல் இயங்குகிறது. அதை ஏன் மலைச்சரிவில் கட்டினார்கள்? சரிவு கிட்டத்தட்ட 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அவ்வளவுதான். அதனால் தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அந்த ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் ரேடியோ அலை வரும் ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் போட்ட திட்டம் அது. தமிழில் இப்படிப் புரிந்துவிட்டால் ஆங்கிலம் ஒரு மாதத்தில் வந்துவிடும். புரியாமல் ஆங்கிலம் மட்டும் வந்தால் என்ன பிரயோஜனம்?

குன்னூர்க்காரன்:
ஒரு மாதத்தில் வராது தம்பி. அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் தொடங்கியது. படித்து முடித்தவர்களுக்கும் வேலைக்குப் போகிற இடத்தில் மேனுவல், மெயில், மீட்டிங் எல்லாம் ஆங்கிலம்தானே? ஆராய்ச்சியும் அப்படித்தான். 1909-ல் கோடைக்கானலில் ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட் சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டதால்தானே உலகம் முழுக்க அவர் பேரில் அதைப் படிக்கிறார்கள்?

கூடலூர் வேதியியல்:
எவர்ஷெட் எழுதியது அவருடைய தாய்மொழியில், அண்ணா. அவர் யோசித்ததும் அதில்தான். எங்களுக்கும் யோசிக்க ஒரு மொழி வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

மஞ்சூர் மாணவி:
நடுவில் ஒன்று. எங்கள் வீட்டில் படுகு பேசுவோம். தமிழே எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததுதான். கூடலூர்ப் பக்கம் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்களும் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். தமிழில் விளக்கினால் எல்லாருக்கும் தெளிந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் வாத்தியார் சார் சொன்ன பிரிசம் விஷயம் அப்படியே நடந்தது. போன செமஸ்டரில் எங்கள் மேடம் ரீடிங்கைத் திருத்துவதற்கு முன்னால், "உனக்கு வந்த பாஷையில் சொல்" என்றார். நான் படுகும் தமிழும் கலந்து சொன்னேன். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். தப்பும் தவறுமாகத்தான் வந்தது, ஆனால் நானே கட்டிய வாக்கியங்கள்.

கோத்தகிரி வாத்தியார்:
அந்த மேடம் செய்வதைத்தான் ஒவ்வொரு லேபிலும் செய்யச் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு நிமிடம். கிராஃபைக் காட்டி எந்த அச்சில் என்ன இருக்கிறது, எங்கே வளைகிறது, ஏன் வளைகிறது என்று சொல்ல வேண்டும். யூனிட்டை விழுங்கக் கூடாது. தவறான ஆங்கிலத்துக்கு மார்க் குறைக்கவே கூடாது. குறைத்தால் மறுபடி சீனியர் நோட்டுக்குப் போய்விடுவார்கள்.

குன்னூர்க்காரன்:
செய்ய முடிந்தால் நல்லதுதான் சார். ஆனால் ஒரு லேபில் முப்பது பேர், ஆசிரியர் ஒருத்தர். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு மணி நேரம் அதற்கே போய்விடும். ரீடிங் எப்போது எடுப்பார்கள்? பாடம் நடத்துகிற எல்லாருக்குமே ஆங்கிலத்தில் பேச்சு நடத்த வருமா என்பதும் இருக்கிறது. எதிரே தெரியாத ஆள் உட்கார்ந்து கேட்கும்போது வருகிற நடுக்கமும் தங்கள் மேடத்திடம் பேசிப் பழகினால் தீராது. பயிற்சியாளர் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

மஞ்சூர் மாணவி:
அண்ணா, அப்படியென்றால் பயிற்சியாளரை லேபுக்குள்ளேயே வரச் சொல்லலாமே? இயற்பியல் தெரியாதவர் என்பதே நல்லது, அவருக்குப் புரிகிற மாதிரி நாங்கள் விளக்கியாக வேண்டும். பேட்ச் பேட்ச்சாக, ஒரு பேட்ச் ரீடிங் எடுக்கும்போது இன்னொரு பேட்ச் அவரிடம் பேசலாம். திங்கட்கிழமை துறைத்தலைவரைப் பார்த்து இதைக் கேட்கிறோம். பீரியட் குறையக் கூடாது என்று எழுதி, வகுப்பில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கூடலூர் வேதியியல்:
எந்த மொழியில் வேண்டுமானாலும் முதலில் விளக்கலாம் என்பதையும் அந்தக் கடிதத்தில் சேர்த்துவிடு. எங்கள் துறையிலும் கொடுக்கிறோம், ஒரு காப்பி அனுப்பு.