பாட் முதுகில் வைத்த ஈயம் கையோடு வந்தது: உங்கள் கிதார் ஒயரிங் அனுபவங்களையும் சொல்லுங்கள்

1

நண்பனின் ஸ்ட்ராட் எலெக்ட்ரிக் கிதாருக்கு மூன்று 250கே பாட் (வால்யூம், டோன் திருகுகளுக்கு அடியில் இருக்கும் உலோகக் கூடு), புது ஸ்விட்ச், பிரிட்ஜ் கிரவுண்ட் (கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைக் கிரவுண்டோடு, அதாவது எர்த்தோடு, சேர்க்கும் ஒயர்) எல்லாம் நான்தான் போட்டுக்கொடுத்தேன். வீட்டில் வாசித்துப் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து மேடையில், டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் அடங்கி அவன் மட்டும் வாசிக்க வேண்டிய இடம். கம்பியில் கை இருக்கும்போதே 'ம்ம்ம்' என்று ஹம் இரைச்சல் கிளம்பிவிட்டது. வாசித்தபடியே திரும்பி என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை, 'என்னடா இது' என்கிற பார்வை.

மறுநாள் கிதாரின் முகப்பு மூடியான பிக்கார்டைத் திறந்து பிரிட்ஜிலிருந்து வரும் கறுப்பு ஒயரை லேசாக இழுத்தேன். பாட் முதுகில் வைத்திருந்த ஈயம் அப்படியே வட்டமாக, சட்டைப் பொத்தான் மாதிரி கழன்று வந்தது. திருப்பினால் அடிப்பக்கம் வழவழவென்று இருக்கிறது. பாட் மேல் ஒரு தடம்கூட இல்லை. ஒருநாளும் அது பிடிக்கவே இல்லை; இத்தனை நாளும், ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் பிசினில் உட்கார்ந்திருந்திருக்கிறது. மேலிருந்து பார்க்கப் பளபளவென்று இருந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. படம் எடுத்து அவனுக்கு அனுப்பிக்கூட இருந்தேன். 25 வாட் சால்டரிங் அயர்ன், ஊசி மாதிரி டிப். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

2

நடந்திருக்கிறது, பாட்டில் இல்லை, ட்ரெமலோ ஸ்பிரிங்குகளைப் பிடிக்கும் கிளாவில். அந்த இரும்புத் துண்டு சூட்டை எல்லாம் குடித்துவிடும். ஆனால் எனக்கு மறக்காதது வேறு.

ஹம்மைத் தடுக்க, பாட்டும் ஒயரும் உட்காரும் கேவிட்டி முழுவதும் காப்பர் ஃபாயில் ஒட்டினேன், கேபிள் சொருகும் ஜாக்கின் குழி உட்பட. மல்டிமீட்டரில் சிக்னல் ஓடும் ஹாட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் எதுவும் இல்லை. மூடினேன், கேபிளைச் சொருகினேன், ஆம்பில் சத்தமே இல்லை. கழற்றி அளந்தால் சரியாக இருக்கிறது, சொருகினால் மறுபடியும் ஊமை. இரவு ஒரு மணி வரை கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப், ஸ்விட்ச், பாட் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். கடைசியில் ஜாக்கை வெளியே எடுத்து, கேபிளைச் சொருகிவிட்டு உற்றுப் பார்த்தேன். பிளக் உள்ளே போகும்போது அதன் நுனியைத் தொடும் அந்தப் பட்டை வெளிப்பக்கமாக வளைகிறது. குழிக்குள் இருக்கும்போது அது நேராக ஃபாயிலில் போய் இடித்திருக்கிறது. ஜாக்கைக் கொஞ்சம் திருப்பி மாட்டி, எதிரே இன்சுலேஷன் டேப் ஒட்டியதும் உயிர் வந்தது. அதிலிருந்து கேபிளைச் சொருகி வைத்துத்தான் அளக்கிறேன்.

முதல் பதிவுக்காரரே, உங்கள் ஹம்முக்குக் கிரவுண்ட் லூப்பும் (கிரவுண்ட் ஒயர்கள் வளையமாகச் சேர்வது) காரணமாக இருக்கும். பாட்டுக்குப் பாட் ஒயர் ஓட்டாமல் எல்லா கிரவுண்டையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள்.

3

இரண்டாம் பதிவுக்காரர் சொல்வதை ஏற்க முடியவில்லை. மன்னிக்கவும், இதில் ஒரு வார இறுதியையே தொலைத்தவன் நான்.

ஒரே புள்ளி கிரவுண்டு என்று படித்து, நன்றாக இருந்த கிதாரின் ஒயர்களை எல்லாம் வெட்டி, ஒரு வாஷரில் எட்டு ஒயரைச் சேர்த்து ஈயம் வைத்தேன். பார்க்க அவ்வளவு நேர்த்தி. ஆம்பைப் போட்டேன். முன்னும் பின்னும் பதிவு செய்து வைத்திருந்த ஹம்மைக் கேட்டேன், துளியும் வித்தியாசம் இல்லை. அந்த ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்த நிமிடம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பேட்டரி இல்லாத பாசிவ் கிதாருக்குள் அந்த வளையம் உள்ளங்கை அளவுதான், அதில் உருவாகும் ஹம் காதுக்கு எட்டாது. ஆம்ப், பெடல், மிக்ஸர் என்று பல இடத்தில் எர்த் சேரும்போது வருவதுதான் நிஜமான லூப். கிதாரிலேயே பிரச்சினையா என்று பார்க்க, உட்கார்ந்த இடத்தில் உடம்பைத் திருப்பிப் பாருங்கள். திசைக்கு ஏற்ப ஹம் கூடிக் குறைந்தால், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை ஒரே சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் வாங்குகிறது. அதைக் காப்பர் ஃபாயிலும் தடுக்காது. கம்பியைத் தொட்டதும் குறைந்தால் ஷீல்டிங் (ஃபாயில் மறைப்பு) போதவில்லை. தொட்டும் குறையவே இல்லை என்றால் முதலில் பிரிட்ஜ் ஒயரைச் சந்தேகப்படுங்கள். முதல் பதிவில் நடந்ததும் அதுதானே?

4

என்னுடையது சின்னது. பழைய பாணி ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), அதன் ஒயருக்கு வெளியே பின்னிய உலோக உறை. அந்த உறையைப் பாட் முதுகில் பிடிக்கவைக்க நீண்ட நேரம் சூடு காட்டினேன். உள்ளே இருந்த இன்சுலேஷன் உருகி ஹாட் ஒயர் கிரவுண்டைத் தொட்டுவிட்டது. பிக்கப் செத்துவிட்டது என்று நினைத்தேன், உருகிய பகுதியை வெட்டியதும் பிழைத்தது.

முதல் பதிவுக்காரரே, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். டிப்பை மாற்றுங்கள். ஊசி டிப் தொடும் இடம் சின்னது, சூடு உள்ளே போகாது. உளி மாதிரி அகல டிப், 50 அல்லது 60 வாட், சுமார் 380 டிகிரி. 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183 டிகிரியிலேயே உருகிவிடும்தான், ஆனால் பாட்டின் உலோகமும் அந்தச் சூட்டுக்கு வர வேண்டும். குறைந்த சூட்டில் அரை நிமிடம் அழுத்திக்கொண்டிருந்தால் பாட்டின் உள்ளே இருக்கும் கிரீஸும் கார்பன் தடமும்தான் கெடும். அதிகச் சூட்டில் மூன்று நான்கு விநாடியில் முடித்துவிடுவது பாட்டுக்கு நல்லது.

அதற்கு முன்னால் பாட் முதுகை உப்புத்தாளால் தேய்த்து மேல் பூச்சை எடுங்கள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், கொஞ்சம் ரோசின் ஃப்ளக்ஸ் தடவுங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படுத்தும் ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம், நாளடைவில் அரித்துவிடும். முதலில் பாட்டில் மட்டும் மெல்லியதாக ஈயம் பரவட்டும். தண்ணீர் ஈரத் தரையில் பரவுகிற மாதிரி ஓரம் தட்டையாக ஓட வேண்டும். ஓரம் உருண்டு நின்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஒயருக்கும் தனியாக ஈயம் ஏற்றிவிட்டு, அப்புறம் இரண்டையும் சேர்த்துச் சூடாக்குங்கள். ஆறும் வரை ஒயர் அசையக் கூடாது, ஊதவும் கூடாது. ஆறியதும் இடுக்கியால் இழுத்துப் பாருங்கள். பிறகு கம்பிக்கும் ஜாக்கின் கிரவுண்ட் பக்கமான ஸ்லீவுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள், ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். வால்யூமைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தும் சத்தம் அடங்கவில்லையா, அந்தப் பாட்டின் கிரவுண்ட் காலைப் பாருங்கள். ஆ, பாடியின் மேல் துணி போடுங்கள். ஒரு சொட்டு ஈயம் விழுந்தாலும் லேக்கர் பூச்சு போய்விடும்.

5

பிரிட்ஜ் கிரவுண்ட் பற்றிப் பேசுவதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ஒத்திகையில் பாட மைக்கருகே போனேன். உதடு பட்டதும் பளீரென்று ஒரு அடி, பற்கள் வரை இறங்கியது. கை கம்பியில் இருந்தது. 'பிரிட்ஜ் ஒயரை வெட்டிவிடு, ஷாக் அடிக்காது' என்று கூட இருந்தவர் சொல்ல, நானும் வெட்டினேன். ஹம் வந்தது, ஷாக் நின்றது, நிம்மதியாக இருந்தேன்.

பிறகுதான் தெரிந்தது, ஆம்பின் எர்த் பின் உடைந்திருந்தது. ஆம்பின் உடம்பில் கசிந்த மின்சாரம் கம்பி வழியாக என் மேல் வந்து மைக் வழியாக இறங்கியிருக்கிறது. ஒயரை வெட்டிய பிறகும் ஜாக் பிளேட்டும் கேபிளின் உலோகமும் அப்படியேதான் இருந்தன. 1972-இல் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். தயவுசெய்து ஆம்பைச் சரிசெய்யுங்கள், ஒயரை வெட்டாதீர்கள். புது இடத்தில் கம்பிக்கும் மைக் வலைக்கும் நடுவே ஏசி வோல்ட் அளக்காமல் இப்போது நான் பாடுவதில்லை.

6

முதல் பதிவு போட்டவன். நான்காம் பதிவுக்காரருக்கு நன்றி. நேற்று தேய்த்து, அகல டிப்பில் வைத்தேன். ஓரம் தட்டையாக ஓடியது, இடுக்கியால் இழுத்தும் அசையவில்லை, மீட்டரில் 0.3 ஓம். ஆனால் டோன் பாட் இரண்டும் அதே ஊசி டிப்பில் வைத்தவை. ஒன்றை நகத்தால் நெம்பினேன், அதுவும் பொத்தானாக வந்துவிட்டது. இன்று அந்த இரண்டையும் முதலிலிருந்து வைக்கிறேன். அவனுக்கு அனுப்பிய பழைய படத்துக்குக் கீழேயே இதுவரை கழன்று வந்த இரண்டு ஈயத் துண்டுகளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.